அத்தை ஒரு கண்ணை மூடினால்

எங்கள் அத்தை இடது கண்ணை மூடினால் எதிரில் இருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள். நிற்பவர்கள் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். வீட்டுக்காரராக இருந்தால் சுவரைத் திரும்பிப் பார்ப்பார். அத்தை மோவாயைக் கொஞ்சம் தூக்கி, வலது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பொருளின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்வையை ஓடவிடுவாள். பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்பைச் சொல்வாள். "சாஞ்சிருக்கு." பெரும்பாலும் அந்த ஒரே தீர்ப்புதான். எதையாவது நேராக இருக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டது மிகவும் குறைவு.

கொழும்பில் குண்டு விழுந்த வருஷம் அப்பா என்னைத் தோணியேற்றித் தூத்துக்குடிக்கு, தன் அக்காவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். அப்பாவுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, சட்டென்று விட்டுவிட்டு வர முடியாது. எனக்குக் கல்யாண வயது. ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் அப்பாவின் கித்தாருமாக நான் தோணியில் ஏறினேன்.

"பெட்டி போனாலும் போவட்டும், இது போவக்கூடாது" என்றார் அப்பா. "கிறிஸ்மஸுக்கு வாரேன். வந்து வாசிக்கேன்."

அப்பாவிடம் சொத்து என்று இருந்தது அந்தக் கித்தார்தான். சாயங்காலம் வேலைவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். சந்தோஷம், சலிப்பு, மேலதிகாரி மேல் கோபம், எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வருவார். அம்மா போன பிறகு அந்த மனிதர் மனிதராக இருந்தது அதனால்தான் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

திரேஸ்புரம் கரையில் அத்தை வந்து நின்றிருந்தாள். அதற்குமுன் நான் அவளைப் பார்த்ததில்லை. கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடினாள்.

"எடத் தோளு எறங்கியிருக்கு. பெட்டிய மாத்திப் பிடிளா."

இதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. மாற்றிப் பிடித்தபோதுதான் துணியில் சுற்றிய கித்தாரைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அந்தச் சனியனையுமா கொண்டாந்திருக்க?"

காரணம் உண்டு. அத்தையின் புருஷர் ஓடாவி, அதாவது தோணி கட்டும் தச்சர். தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் புருஷரிடமே தொழிலுக்கு விட்டிருந்தாள் அத்தை. தம்பியோ கொழும்பில் கித்தார் வாசிப்பவர்களைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருநாள் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தோணியேறிப் போய்விட்டார். பிறகு சண்டை என்று ஒன்றும் இல்லை. இவள் கருவாடு கொடுத்தனுப்புவாள், அவர் தேயிலை கொடுத்தனுப்புவார். ஆனால் அக்காவும் தம்பியும் முகம் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. தம்பியைக் கொண்டுபோனது அந்த மரப்பெட்டிதான் என்று அத்தை முடிவுகட்டி வைத்திருந்தாள்.

அத்தையோடு கடைக்குப் போவது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. சாமான் கடை அண்ணாச்சி தூரத்தில் அவளைக் கண்டதுமே தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இவள் போய் நின்று, முள்ளுக்கு நேராகக் கண்ணை மூடுவாள்.

"அண்ணாச்சி, முள்ளு ஒங்க பக்கம் சாயுது."

"காத்துல ஆடுதுக்கா."

"ஆடுத முள்ளு ரெண்டு பக்கமும் போவணும்லா? இது ஒங்க பக்கம் மட்டுந்தான் போவுது."

அண்ணாச்சி இன்னொரு கை பருப்பை அள்ளிப் போடுவார். இவளுக்குப் பருப்பு முக்கியமில்லை. முள் நேராக நின்றால் போதும்.

அவள் பார்வை எப்போதும் சரியாகவே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மாதா கோயில் திருநாளுக்குக் கொடிமரம் நட்டார்கள். ஆண்பிள்ளைகள் கயிறு பிடித்து இழுத்து, நிமிர்த்தி, மண்ணைக் கெட்டித்து வியர்வையைத் துடைக்கும் நேரத்தில் அத்தை கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"கடலப் பாத்துச் சாஞ்சிருக்கு."

முணுமுணுப்பு எழுந்தது. கொத்தனாரை வரவழைத்துத் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தார்கள். மரம் இம்மியும் சாயவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அத்தை மறுபடியும் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அப்பம் கோயிலுதான் சாஞ்சிருக்கு" என்றாள்.

அதைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பங்குச் சாமியார் பிரசங்கத்தின் நடுவே அடிக்கடி சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் புன்னைக்காயலிலிருந்து மாப்பிள்ளை வந்தபோதும் இப்படித்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். "பையன் தங்கம். இடுப்புக்கு மேலதான் கொஞ்சம் வலப்பக்கம் போறான்" என்றாள். கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அந்த மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வாசலைக் கடக்கும்வரை துடுப்பை விழுங்கியவர் மாதிரி விறைப்பாக நடப்பார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

மாமாவுக்கு நடுவயதிலேயே பார்வை மங்க ஆரம்பித்துவிட்டதாம். ஓடாவிக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் எந்தத் தோணிக்காரர் வேலை கொடுப்பார்? அத்தை தினமும் மத்தியானம் கரைக்குச் சோறு கொண்டுபோவாள். மாமா கைகழுவி உட்காருவதற்குள், கட்டிக்கொண்டிருக்கும் தோணியை ஒரு சுற்று சுற்றி வருவாள். பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டே, "கெழக்குப் பக்கம் அடிப்பலகை பொடச்சிருக்கு" என்று மெதுவாகச் சொல்வாள். மாமா சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டு, நேராக அந்தப் பலகைக்குப் போய் ஆட்களைத் திட்டுவார். கடைசிவரைக்கும் ஊரில் ஓடாவியின் கண்ணுக்குப் பருந்தின் கண் என்றுதான் பேர்.

"பருந்து நான்தாம்ளா" என்று சொல்லி அத்தை சிரித்தாள். மாமா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்காகப் பார்த்த கண்ணை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஊரையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. அவள் மேல் எனக்குப் பிரியம் வந்தது அந்த மீன் செதிளுக்கு நடுவில்தான்.

இனி கித்தாருக்கு வருகிறேன். வந்த மறுநாளே துணியை அவிழ்த்துப் பார்த்திருந்தேன். தோணியில் உப்புத் தண்ணீரும் வெயிலும் மாறிமாறிப் பட்டதில், கழுத்து உடம்போடு சேருமிடம் நகம் நுழையுமளவு வாயைப் பிளந்திருந்தது. கழுத்து முன்பக்கமாக எழும்பி, கம்பிகள் பலகையை விட்டு உயர்ந்து நின்றன. அழுத்திப் பார்த்தால் விரலை அறுத்தது. கிறிஸ்மஸுக்கு அப்பா வந்து இதைத்தான் முதலில் கேட்பார். நான் என்ன செய்வது? மறுபடி சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அத்தையிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று வேறு எனக்கு ஒரு பயம்.

ஒருநாள் அத்தை வீடு பெருக்கும்போது விளக்குமாறு அதில் இடித்துவிட்டது. நான் குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்தபோது அத்தை தரையில் சம்மணமிட்டு, கித்தாரை மல்லாக்க மடியில் வைத்து, ஒரு கண்ணை மூடியிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கழுத்து எழும்பிட்டு" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. "எப்படிளா?"

"கடல்ல வந்தப்போ நனைஞ்சுட்டு அத்தை. கிறிஸ்மஸுக்கு வந்து வாசிக்கேன்னு அப்பா சொன்னார்."

"இதயா வாசிப்பான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என்னைத் தேற்றவில்லை. இணைப்பின் பிளவில் மூக்கை வைத்து முகர்ந்தாள், விரலால் தட்டினாள்.

"வச்சிரப் பசை போட்டு ஒட்டியிருக்கான். வச்சிரத்துக்கு ஆவி ஆவாது. எளக்கிறலாம்" என்றாள்.

"அத்தை, ஆர்மோனியம் ரிப்பேர்காரர் ஒருத்தர் இருக்காராமே..."

"அவன் ஆணி அடிப்பான். கேக்காத."

சனியன் என்று சொன்ன பொருளை அவள் ஏன் கையில் எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. சாய்ந்த ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவளால் முடியாது என்றே வைத்துக்கொண்டேன்.

வேலை ஒரு வெள்ளிக்கிழமை காலை குசினியில் தொடங்கியது. கம்பிகளைக் கழற்றியாயிற்று. கழுத்தின் மேல் குறுக்கே பதித்திருக்கும் பித்தளைக் கம்பிகளில், இணைப்புக்கு நேர் மேலே இருந்த ஒன்றை அத்தை நோகாமல் பிடுங்கினாள். அந்தப் பள்ளத்தில் மாமாவின் துறப்பணத்தால் சின்னத் துளை போட்டாள். அடுப்பில் நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கிலிருந்து துளைக்கு ஆவியைக் கொண்டுபோக ஒரு குழாய் வேண்டுமே? பப்பாளி இலைக் காம்பை வெட்டி மாட்டினாள். உள்ளே கூடாக இருக்கும், ஆவி நன்றாகப் போகும். சூட்டில் துவண்டதும் அடுத்த காம்பு. எங்கள் பப்பாளி மரம் அன்றைக்கு மொட்டையானது.

எவ்வளவு நேரம் ஆவி விடுவது என்பதற்கு அத்தையிடம் கடிகாரம் இல்லை. முட்டை வேகச் செபமாலையில் இத்தனை மணி, கருப்பட்டிப் பாகு பதம் வர இத்தனை மணி செபம் என்றுதான் அவள் சமையலே. கித்தாருக்கு முழுச் செபமாலை என்று தீர்மானித்தாள். நான் கேத்தலைப் பிடித்துக்கொள்ள, அவள் தோசை திருப்பும் சட்டுவத்தை நெருப்பில் காட்டிக் காட்டிப் பலகைக்கடியில் கொடுத்துக்கொண்டே செபம் சொன்னாள். இராகத்தை மாற்றாமலே இடையில், "கேத்தலச் சாய்க்காதளா" என்பதையும் சேர்த்துக்கொண்டாள். நானும் பழக்கத்தில் "ஆமென்" என்றேன்.

பழைய வச்சிரம் இளக ஆரம்பித்ததும் ஒரு வாடை கிளம்பியது. வச்சிரம் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பதுதானே. தோல் வேகிற வாடை தெருவரைக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, கறியா வேகுது?"

வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்களான நாங்கள் யாரும் கறி தொடமாட்டோம். அதுவும் கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம்.

"கித்தாரு வேகுதுளா" என்றாள் அத்தை.

அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "போய்ச் சாமியார்ட்டச் சொல்லு. வந்தார்னா அவருக்கும் ஒரு துண்டு வைக்கேன்" என்றாள் அத்தை. தலை மறைந்தது.

செபமாலை முடிகிற சமயத்தில் அத்தை கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தாள். சின்னதாக ஒரு முனகல் கேட்டது. கழுத்து கையோடு வந்துவிட்டது. ஒரு கையில் கழுத்தும் மறு கையில் உடம்புமாக அத்தை நின்றாள். அப்பாவின் உயிர் இரண்டு துண்டாகக் கிடக்கிறது, கிறிஸ்மஸுக்கோ அதிக நாள் இல்லை.

ஈரம் காய்ந்த பிறகு செதுக்கும் வேலை. தோணிப் பலகையை வழவழப்பாக்க ஓடாவிகள் காய்ந்த சுறாத்தோலைத்தான் வைத்துத் தேய்ப்பார்கள். அத்தை ஒரு கீற்றுத் தோலைக் கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் கொடுத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பார்த்தாள், மறுபடி இழுத்தாள். கடைசியில் பொருத்தி மல்லாக்க வைத்து, கண்ணை மூடிப் பார்த்தபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பம் கம்பியக் கட்டு."

கட்டினேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் பூனைக்குட்டி படுக்கலாம் போலிருந்தது. முன்பு எழும்பியிருந்த கழுத்து இப்போது இன்னும் எழும்பி நின்றது.

"அத்தை, கூடிப்போச்சே."

"கூடணும்லா? அணியம் எறங்கிக் கெடந்தா அலயில குத்தி மூழ்கிரும்."

அணியம் என்றால் தோணியின் முன்மூக்கு. வாழ்நாளெல்லாம் தோணியைப் பார்த்த கண்ணுக்கு, முன்னால் நீண்டிருப்பது எதுவானாலும் மேலே நிமிர்ந்தால்தான் அழகு. கம்பிக்குக் கீழே மரத்தைத் தேய்த்து, கித்தாரைக் கடலுக்குத் தயார்செய்துவிட்டிருந்தாள்.

"இது அலையில போகாது அத்தை. மடியிலதான் இருக்கும்" என்றேன்.

தேய்த்த இடத்தை அத்தை விரலால் தடவினாள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பது எனக்கே தெரியும்போது ஓடாவி பெண்டாட்டிக்குத் தெரியாதா. மத்தியானம் சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. ஊரையே சாய்ந்திருக்கிறது என்று சொன்ன மனுஷி தன் கையாலேயே சாய்த்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "ஒங்கப்பன் எப்படிப் பிடிப்பான்? பிடிச்சுக் காட்டு."

உட்கார்ந்து, அப்பாவைப் போல மடியில் வைத்துப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்வரத்தை அழுத்தினேன். இந்த முறை அவள் மரத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தாள். பிறகு என் விரலை எடுத்துவிட்டுத் தன் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தபோது விரல் நுனியில் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி வலிக்கயிலயா வாசிச்சுக்கிட்டுக் கெடந்தான்?" என்றாள்.

மறுநாளிலிருந்து அத்தை வேறு ஆள். தேய்ந்த இடத்தில் தேக்குச் சிம்பு சீவி ஒட்டிச் சரிக்கட்டினாள். பிறகு எதிர்ப்பக்கம், கழுத்தின் அடிப்புறத்தில், சுறாத்தோலைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் கித்தாரை மடியில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, கழுத்தின் நுனியிலிருந்து கம்பி முடியும் கட்டை வரைக்கும் நூல் பிடித்துப் பார்த்தாள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பொடிந்துபோனேன். கடைசியில் ஒருநாள் மத்தியானம் நூலைச் சுருட்டி வைத்தாள்.

"நேரா இருக்கு."

வச்சிரம் காய்ச்சி ஒட்டி, துணி சுற்றி, கொச்சக் கயிற்றால் கட்டி, கயிற்றுக்குள் குச்சி கொடுத்து முறுக்கினாள். போதாதென்று அம்மிக் குழவியை மேலே படுக்கவைத்தாள். பிடுங்கிய பித்தளைக் கம்பி அதன் இடத்துக்குப் போயிற்று. குழவியை எடுத்துக் கம்பி கட்டியபோது, விரல் பட்டாலே சத்தம் வந்தது. அவ்வளவு லேசு. நான் அத்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். "தள்ளிப் போளா, எச்சி" என்றாள்.

அப்பா கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தார். அக்காவும் தம்பியும் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே நரை. "கூன் விழுந்துட்டுல" என்றாள் அத்தை. "நாற்காலி வேல, அக்கா" என்றார் அப்பா. தேயிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம், விருந்துச் சாப்பாடு முடிந்து அப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க, எடு பாப்போம்."

கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை குசினி நிலைப்படியில், உள்ளே போவதா வெளியே வருவதா என்ற மாதிரி நின்றாள். அப்பா முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தார். கம்பியை வருடினார், நல்ல நாதம். பிறகு இடது கையை வைத்து, அவர் தினமும் வாசிக்கும் பாட்டை எடுத்தார். நாலு அடி போவதற்குள் பிசகியது. நிறுத்தினார். மறுபடி எடுத்தார், மறுபடி பிசகியது. கம்பிகள் எல்லாம் சுருதியை விட்டு மேலே மேலே போயின. அப்பா கழுத்தை உயர்த்திப் பார்த்தார். இணைப்பைத் தடவினார்.

"யாரு கைவச்சது?"

"கடல்ல எளகிட்டு. நான்தான் ஒட்டுனேன்" என்றாள் அத்தை. "சரியில்லயா?"

அவள் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதே இல்லை.

அப்பா கம்பியை இன்னொரு தடவை லேசாக அழுத்திப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அக்கா, ஒரு பறங்கிக்காரர்ட்ட இத மலிவா வாங்கும்போதே கழுத்து எழும்பித்தான் இருந்துது. அன்னையிலேருந்து பல்லக் கடிச்சிக்கிட்டு அமுக்கி அமுக்கியே வாசிச்சிட்டேன். நீ நேராக்கிட்ட. என் விரலுக்குத்தான் நேரா இருக்கது பழக்கமில்ல. அந்த அமுக்கு அமுக்குனா எல்லாம் பிசகுது."

சொல்லிவிட்டுக் கித்தாரைச் சுவரோரம் சாய்த்து வைக்கப்போனார். "பழகிட்டு அடுத்த தடவ வரும்போது வாசிக்கேன். நல்ல நாளும் அதுவுமா இத எதுக்குக் கேக்கணும்."

"வைக்காதல" என்றாள் அத்தை. நிலைப்படியிலிருந்து வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "இதுக்காவத்தான் என்ன விட்டுட்டுப் போன. அது என்னதுன்னு இன்னவரைக்கும் நான் கேட்டதில்ல. பிசகுனாப் பிசகட்டும். வாசில."

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கித்தாரை மடியில் எடுத்துக்கொண்டார். முழுப் பாட்டையும் பிசகிப் பிசகி வாசித்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அசையாமல் உட்கார்ந்து கடைசிவரைக்கும் கேட்டாள். ஓர் இடத்தில்கூட இது சரியில்லை என்று சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது. அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்க வாசி" என்றாள். "அதே மாதிரி."